பட்டப்பகல்ல எரிஞ்ச இருவத்தேழு வெளக்கு

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தொன்னாம் வருசம் ஆடி மாசத்துல ஒரு செவ்வாக்கெழம, சந்த கூடுன நேரத்துல, கிருஷ்ணாயில் வெல எறங்கிப்போச்சி. ஏன் எறங்குச்சினு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. எண்ணெக்கட தங்கவேலு புதுச்சேரிக்கிப் போய்வர ஆளுங்கிறதால கொஞ்சம் சொன்னான். கடலுக்கு அந்தாண்ட எங்கியோ பூமியத் தோண்டத் தோண்ட எண்ணெ பீச்சிக்கினு வருதாம். ரெண்டு கம்பெனிக்காரங்க நீ கம்மியா நான் கம்மியானு போட்டியில விக்கிறாங்களாம். கெடங்குல எடம் இல்லாம டின்னுங்கள வெயில்ல அடுக்கி வச்சிருக்காங்களாம். அது எப்படியோ போவட்டும், நாலு ரூபா வித்த டின்னு ரெண்டே முக்காலுக்கு வந்துடுச்சி. பொம்பளைங்க புட்டிய எடுத்துக்கினு ஓடுனாங்க.

அன்னிக்கி எல்லாரையும்விட அதிகமா சந்தோசப்பட்டவன் வெளக்குக்கார பக்கிரி.

கீழேரிப்பாக்கம் கொம்யூனுக்கு மொத்தம் பதினோரு தெருவெளக்கு. கிருமாம்பாக்கத்துல கடலூர் ரோட்ட வுட்டு மேற்கால திரும்புனா வர்ற கொம்யூன் அது, பிரெஞ்சு ஆட்சியில பஞ்சாயத்து மாதிரி. அதோட ஆபீச பிரெஞ்சுல மேரிம்பாங்க, ஆபீசுக்குத் தலைவர மேரும்பாங்க. சாயங்காலம் ஆனா பக்கிரி ஏணியத் தோள்ல மாட்டிக்கினு, எண்ணெச் செம்பு ஒரு கையில, திரி வெட்டுற கத்தரி இடுப்புல, கண்ணாடி தொடைக்கிற சாம்பத் துணி மடியிலனு மேரி வாசல்ல ஆரம்பிச்சி ஏரிக்கர முக்கு வரைக்கும் ஒன்னொன்னா ஏத்திக்கினே போவான். விடிஞ்சா அதே வழியில அணைச்சிக்கினே வருவான். பௌர்ணமிக்கி முன்ன நாலு நாளு, பௌர்ணமியோட சேத்து பின்ன நாலு நாளு வெளக்கு கெடையாது. நெலா எரியிறப்ப கொம்யூன் எண்ணெ எதுக்கு எரியணும்னு அந்தக் காலத்து மேர் ஒருத்தரு எழுதி வச்சிட்டுப் போன சட்டம். அந்த எட்டு நாளும் பக்கிரி ஊரோட ஊரா சாப்பிட்டுத் தூங்குவான்.

அவனுக்கு எதுக்கு சந்தோசம்னா, மேரியில ஒன்னு கேக்க வேண்டி இருந்துச்சி. ஆறு மாசமா கேக்க பயந்துக்கினு இருந்தான். எண்ணெ மலிஞ்சா கொம்யூனுக்கு மிச்சம், மிச்சம்னா சந்தோசம், சந்தோசமா இருக்கிறப்ப கேட்டா காரியம் நடக்கும்னு அவன் போட்ட கணக்கு.

கேக்க வேண்டியது இதுதான். வேலையிலருந்து என்ன வுட்டுடுங்க. செலியமேட்டுல கலியபெருமாளுனு ஒரு நெலக்காரரு, ஏரிக்குக் கீழ இருக்கிற ரெண்டு காணி நஞ்சைய பக்கிரிக்கி வாரத்துக்குத் தர்றேனு சொல்லியிருந்தாரு. வெளச்சல்ல பாதி அவருக்கு, பாதி ஒழைக்கிறவனுக்கு. ரெண்டே நெபந்தன. கார்த்திக இருவதுக்குள்ள நாத்து வுட்டுடணும். கொம்யூன் வேலைய வச்சிக்கினு வயல்ல கால வைக்கக் கூடாது, விடுவிச்ச சீட்டக் கையில எடுத்துக்கினு வரணும். "ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்து என் வரப்புல தூங்குவ, தண்ணி அடுத்தவன் வயலுக்குப் போவும். அதெல்லாம் வேணாம்பா"னு தெளிவா சொல்லிட்டாரு.

பக்கிரி பொண்டாட்டி ஆதிலட்சுமிக்கி அந்த ரெண்டு காணி கண்ணுக்குள்ளயே நின்னுது. கல்யாணமாகி ஒம்பது வருசமா அவ அடுத்தவங்க வயல்ல நட்டவ. அந்த மண்ண ஒரு தபா அள்ளி மோந்து பாத்துட்டு வந்து, எரு கூட போட வேணாம்யானு சொன்னா.

அதனால மறுநா காலையில பக்கிரி வேட்டிய தொவச்சிக் கட்டிக்கினு மேரிக்கிப் போனான். உள்ள செக்ரெத்தேர் அரிகிருஷ்ணன் தலையில கைய வச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. அவருதான் மேருக்கு எழுதிக் குடுக்கிறவரு. மேரு கையெழுத்து போடுவாரு, இவரு கொம்யூன நடத்துவாரு. கறுப்புக் கோட்டு, வெயில் இல்லாதப்பவும் கொட. செருப்ப வெளிய கழட்டிட்டு வர்ற ஊர்ல, அவரு மட்டும் வெளியிலருந்து வெறுங்காலோட வந்து உள்ள பூட்ஸ் மாட்டிக்குவாரு.

எண்ணெ வெல எறங்கிடுச்சாமே அய்யானு பக்கிரி சிரிச்சிக்கினே ஆரம்பிச்சான்.

"எறங்கிடுச்சி"ன்னாரு அவரு, சாவு சேதி சொல்ற கொரல்ல. "இந்த வருசம் வெளக்கு எண்ணெக்கினு முந்நூத்தி இருவது ரூபா பட்ஜெட்டுல போட்டிருக்கு. நாலு ரூபா வெலயில போட்டது. இப்ப மிச்சம் வரும்."

"மிச்சம் வந்தா நல்லதுதானுங்களே அய்யா."

அவரு பக்கிரிய ரொம்ப நேரம் பாத்தாரு. பூட்ஸ்ல சாணி ஒட்டுனா எப்படிப் பாப்பாரோ அப்படி. அப்பறம் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. மிச்சம் வந்தா இந்த வருசம் நாம கேட்டது பொய்யினு ஆயிடும். இந்த வருசம் பொய்யினா அடுத்த வருசம் கேக்கிறதும் பொய்யி. புதுச்சேரியில ஒக்காந்திருக்கிறவன் செவப்பு மசியில ஒரு கோடு போட்டு நம்ம தொகைய வெட்டுவான். ஒரு தபா வெட்டுன தொக மறுபடி மொளைக்காது. பட்ஜெட்டுனா அது பயிரில்ல. அதனால டிசம்பர் முப்பத்தொன்னுக்குள்ள அந்த முந்நூத்தி இருவது ரூபாயும் எரிஞ்சி சாம்பலாயிடணும்.

"பௌர்ணமி எட்டு நாளும் இனிமே வெளக்கு ஏத்து"ன்னாரு.

"நெலா இருக்குங்களே அய்யா."

"நெலாவ யாரு வேலைக்கி வச்சது? அதுக்கும் நமக்கும் ஒப்பந்தம் ஒன்னும் கெடையாது."

பக்கிரி தான் வந்த விசயத்தையும் மெதுவா சொன்னான். செக்ரெத்தேர் தப்பாவே எடுத்துக்கல. முத்திரத் தாள்ல எழுதிக் குடு, அடுத்த மாசம் கொம்யூன் சபை கூடும், அதுல வச்சி முடிச்சிடலாம்னாரு. பக்கிரிக்கி நம்ப முடியல. வூட்டுக்கு ஓடி ஆதிலட்சுமி கிட்ட சொன்னான். அவ அன்னிக்கே கலப்பைக்கி யாரு வூட்ல கேக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டா.

மாசக் கடைசியில சம்பளம் வாங்கப் போனான். பன்னண்டு ரூபாய்க்கி பதிலா எட்டே கால் ரூபா இருந்துச்சி. விசயம் என்னான்னா, முன்ன காலத்துல வெளக்குக்காரங்க எண்ணெயத் திருடி வித்தாங்கனு, சம்பளத்தையே எண்ணெயில வச்சிட்டாங்க. மாசம் மூணு டின்னு எண்ணெயோட வெல எதுவோ அதான் சம்பளம். பக்கிரி தயங்கித் தயங்கி, கொறையிதுங்களேன்னான். செக்ரெத்தேருக்கு மனசு நொந்துபோச்சி. "ஒரு சொட்டு கொறைச்சமா? போன மாசமும் மூணு டின்னு, இந்த மாசமும் மூணு டின்னு. ஒன் சம்பளத்துல கை வச்சான் அரிகிருஷ்ணன்னு நீ வெளிய போயி சொல்லக்கூடாது முசே பக்கிரி"ன்னாரு. முசேன்னா பிரெஞ்சுல அய்யானு அர்த்தம். எதையாவது இல்லைனு சொல்றப்ப மட்டும் அவரு பக்கிரிய அப்படிக் கூப்புடுவாரு.

ஒரு மாசம் தள்ளி புரட்டாசியிலதான் சபை கூடுச்சி. அதுக்கு முந்தின வாரம் எண்ணெ ரெண்டு ரூபாய்க்கி எறங்கியிருந்துச்சி. சபையில மொத தீர்மானம் பிரான்சு தேசம் வாழ்கனு. ரெண்டாவது, மேரு வாழ்கனு. மூணாவது, வெளக்குக்கார பக்கிரி விருப்பப்படி அவன வேலையிலருந்து விடுவிக்கிறதுனு. எல்லாரும் கை தூக்குனாங்க. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு வெளிய நின்ன பக்கிரி கண்ணத் தொடச்சிக்கினான். நாலாவது தீர்மானம், நாளையிலருந்து எல்லா வெளக்கும் பகல்லயும் எரியணும்னு. அதுக்கும் கை தூக்குனாங்க.

மறுநா காலையில ஏணி, கத்தரி, செம்பு எல்லாத்தையும் கழுவி எடுத்துக்கினு பக்கிரி ஒப்படைக்க வந்தான். செக்ரெத்தேர் ஒரு பழைய பொஸ்தகத்தத் தொறந்து பதினாலாவது விதியப் படிச்சாரு. விலகுகின்ற விளக்குக்காரன், எல்லா விளக்குகளும் அணைந்து கண்ணாடிகள் ஆறிய நிலையில், மூவர் குழுவின் முன்னிலையில், எண்ணெய் அளந்து ஒப்படைக்க வேண்டும்.

"அதுக்கென்னங்க அய்யா, அணைச்சி ஆற வச்சிட்டாப் போச்சி."

"நாலாவது தீர்மானம் இன்னிக்கி காலையில ஆறு மணியிலருந்து அமல்ல இருக்கு. வெளக்கு அணையக் கூடாது."

"அப்ப மூணாவது?"

"அதுவும் அமல்லதான் இருக்கு. ஒன்ன விடுவிச்சாச்சி. ஒப்படைக்கிறது ஒன்னுதான் பாக்கி."

பக்கிரி வாசல்ல வந்து நின்னான். செக்ரெத்தேர் பின்னாலருந்து கூப்புட்டு, மொத வெளக்கு இன்னும் ஏத்தலியேனு கேட்டாரு.

அன்னியிலருந்து பதினோரு வெளக்கும் பட்டப்பகல்ல எரிஞ்சிது. வெயிலு மண்டையப் பொளக்கும், அதுக்கு நடுவுல ஒரு மஞ்சப் பொட்டு மாதிரி திரி நிக்கும். எரியிதா இல்லையானு பாக்க பக்கிரி கைய கண்ணாடி மேல வச்சிப் பாப்பான். சுட்டா எரியிது. உள்ளங்கை முழுக்க கொப்புளம். ராத்திரியும் ஏணி, பகலும் ஏணி. ஆதிலட்சுமி கூழக் கொண்டாந்து எந்தக் கம்பத்துல ஆளு இருக்கான்னு தேடிக்கினே வருவா. ஏணி மேலயே ஒக்காந்து குடிப்பான், குடிக்கிறப்பவே தூங்கிடுவான், அவ ஏணியப் புடிச்சிக்கினு நிப்பா.

ஊரு மொதல்ல சிரிச்சிது. அப்பறம் பழகிடுச்சி. ஆம்பளைங்க பீடி பத்த வைக்க வெளக்குக்கிட்ட வந்தாங்க, நெருப்புப் பெட்டி வாங்குறத நிறுத்திட்டாங்க. நெருப்புப் பெட்டிக்காரன் மேரியில மனு குடுத்தான். பொது வெளக்குல பீடி பத்த வைக்கிறவனுக்கு அபராதம்னு ஒத்தரவு வந்துச்சி. ஒவ்வொரு கம்பத்துக்கிட்டயும் யாராவது காவல் நிக்கணும்னு எழுதி, யாருங்கிற எடத்துல பக்கிரினு எழுதியிருந்துச்சி.

எண்ணெயக் கொட்டிடலாமானு ஒருநா பக்கிரி வாய்வுட்டே கேட்டுட்டான். ஏரிக்கர ஓரமா பள்ளத்துல கொட்டுனா யாருக்குத் தெரியும். செக்ரெத்தேர் காதப் பொத்திக்கினாரு. "கொட்டுனா அது திருட்டு. எரிச்சா அது நிர்வாகம். இந்த வித்தியாசம் தெரியாததாலதான் நீ ஏணி மேல இருக்க, நான் நாற்காலியில இருக்கேன்."

சொல்லாம கொள்ளாம ஓடிடவும் முடியாது. பதினோரு கண்ணாடி, ஒரு ஏணி, எல்லாம் அவன் பேர்ல இருக்கு. ஓடுனா புதுச்சேரி ஜெயிலு. சீட்டு இல்லாம போனா கலியபெருமாள் வயல்ல எறங்க வுட மாட்டாரு.

இதுக்கு நடுவுல ஊரு காஞ்சிக்கினு வந்துச்சி. சிங்காரவேலு செக்குல புங்கெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஆட்டி வித்துக்கினு இருந்தவரு. வெளக்குக்கு அதத்தான் ஊத்துவாங்க. கிருஷ்ணாயில் மலிஞ்சதும் அவருகிட்ட ஒருத்தரும் வரல. செக்கு நின்னுது. செக்கு நின்னதும் புங்கங்கொட்ட பொறுக்கிக் குடுத்த பொம்பளைங்களுக்கு நாலணா நின்னுது. மாட்ட வித்துட்டாரு. அதோட முடியல. புதுச்சேரியிலருந்து கப்பல்ல ஏத்துற வேர்க்கடலைய, அதான் மல்லாட்டைய, வாங்குற யாவாரி, அங்கியும் வெல எறங்கிப்போச்சினு சொல்லி பாதி வெலைக்கிக் கேட்டான். மல்லாட்ட பாதியானதும் பயிரு வச்சவன் கூலியப் பாதியாக்குனான். கூலி பாதியானவன் தங்கவேலு கடைக்கி வர்றத நிறுத்திட்டான். வெல எறங்குனப்ப புட்டிய எடுத்துக்கினு ஓடுன பொம்பளைங்க, இன்னும் எறங்குனப்ப புட்டியக் கவுத்து வச்சிட்டு இருட்டுல ஒக்காந்தாங்க. எண்ணெ மலிவாதான் இருந்துச்சி, அந்த மலிவு வெலைக்கிக் கூட கையில காசில்ல.

கடையில வாங்க ஆள் இல்லேனு தங்கவேலு தேங்குன டின்ன தள்ளுறதுக்கு இன்னும் எறக்குனான். ஒன்னே கால் ரூபா. வாங்குறது மேரி ஒன்னுதான். எறங்க எறங்க அதே காசுக்கு டின்னு அதிகம், டின்னு அதிகமாக ஆக எரிக்க வேண்டியது அதிகம். ஊரே இருட்டா இருக்க, தெருவு மட்டும் ராப்பகலா எரிஞ்சிது. பக்கிரிக்கி அந்த மாசம் சம்பளம் மூணே முக்கால் ரூபா. மூணு டின்னு அப்படியே மூணு டின்னுதான்.

பதினோரு வெளக்கு போதாதுனு ஐப்பசியில புதுக்கம்பம் நட ஆரம்பிச்சாங்க. ஏரிக்கரையில மூணு, சுடுகாட்டுல ரெண்டு, நின்னுபோன செக்குக்கு எதிர்ல ஒன்னு. இருவதாவது கம்பத்த சுடுகாட்டுல மேரு பலராமன் தொறந்து வச்சாரு, காலையில பதினோரு மணிக்கி. ஊர்ல கூலி இல்லாம ஒக்காந்திருந்தவங்க எல்லாரும் வந்திருந்தாங்க, வேற போறதுக்கு எடம் இல்ல. மேரு துண்டால நெத்தியத் தொடச்சிக்கினு பேசுனாரு.

"அன்பான மக்களே. விலை இறங்கலாம். விலை என்பது வியாபாரியின் புத்தி, அது ஏறும், இறங்கும். ஆனால் நம்முடைய வரவுசெலவுத் திட்டம் இறங்காது. உங்கள் கூலி இறங்கியபோதும் அது இறங்கவில்லை. உங்கள் வேர்க்கடலை இறங்கியபோதும் அது இறங்கவில்லை. இந்த உறுதிக்குப் பெயர்தான் ஆட்சி. இருட்டு என்பது என் காலத்தில் பகலில்கூடக் கிடையாது. மக்கள் கஷ்டப்படுகிறார்களே, இத்தனை விளக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் கஷ்டம் எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா, அதற்குத்தான். வரியைக் குறையுங்கள் என்கிறார்கள். குறைக்கலாம். குறைத்தால் நாளைப் பகலில் எரிக்க எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்."

கை தட்டுனாங்க. வெயில்ல மேருக்கு மயக்கம் வந்துச்சி. கம்பத்தோட நெழல்ல ஒக்கார வச்சி தண்ணி குடுத்தாங்க. சிங்காரவேலு பக்கத்துல நின்ன பக்கிரிகிட்ட, "செக்கு மாட்ட வித்தது தப்புடா. ஒனக்கு பதிலா இதுல பூட்டியிருக்கலாம், நீ கொஞ்சம் ஒக்காந்திருப்ப"ன்னாரு.

கார்த்திக பொறந்துச்சி. கலியபெருமாள் ஆள் அனுப்பி, இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கினு இருக்காங்க, இருவதாந் தேதி தாண்டுனா குடுத்துடுவேனு சொல்லிட்டாரு. பக்கிரி ஏணியிலருந்தே அந்த ஆளப் பாத்து, சரினு தலைய ஆட்டுனான். ஆட்டுனதுல செம்பு கவுந்து எண்ணெ தலையில ஊத்திக்கிச்சி.

கார்த்திக பதிமூணாந் தேதி சாமி கண்ணத் தொறந்துடுச்சினு பக்கிரி நெனச்சான். வங்காளக் கடல்லருந்து பொயல் கெளம்பி, மத்தியானம் மூணு மணிக்கி காத்தும் மழையுமா அடிச்சிது. பதினோராவது கம்பத்துல ஏணிய நெஞ்சோட கட்டிப்புடிச்சிக்கினு நின்னவன் கண்ணு முன்னாடி ஒன்னு அணைஞ்சிது. அந்தாண்ட ஒன்னு. ஏரிக்கர மூணும் போச்சி. இருவத்தாறு வெளக்கும் அணைஞ்சி, கண்ணாடி மழையில ஜில்லுனு ஆறிப்போச்சி. பக்கிரி முட்டி வரைக்கும் தண்ணியில ஓடுனான். மேரிக்குள்ள சொட்டச் சொட்ட போயி நின்னு, மூச்சு வாங்கிக்கினே, "அய்யா, எல்லாம் அணைஞ்சிடுச்சி. ஆறியும் போச்சி. ஒப்படைக்கிறேன் வாங்க"ன்னான்.

செக்ரெத்தேர் நெசமாவே எழுந்து நின்னாரு. விதி விதிதான், அவரு அதுக்கு எதிரா ஒன்னும் பண்றவரு இல்ல. மூவர் குழுவக் கூப்புட ஆள் அனுப்புனாரு. குழு வந்துச்சி. பொஸ்தகத்த எடுத்துக்கினு கம்பம் கம்பமா போயி கையெழுத்து போடணும். ஒருத்தரு ஜன்னல் வழியா எட்டிப்பாத்தாரு. பொஸ்தகம் நனைஞ்சா மசி கரையும், மசி கரைஞ்சா அது பொஸ்தகம் இல்லனாரு. ரெண்டாவது ஆளு ஒத்துக்கினாரு. மழ வுடட்டும்னு ஒக்காந்தாங்க. பக்கிரிய வாசல்ல நிக்கச் சொன்னாங்க, தரை நனையிதுனு. ரெண்டு மணி நேரம் நின்னான். மழைய வுடாத வுடாதனும் வேண்டுனான், வுடு வுடுனும் வேண்டுனான். வுட்டுது. குழு கொடைய எடுத்துச்சி. அப்ப செக்ரெத்தேர் விரலத் தூக்குனாரு.

"இருவத்திரெண்டாவது விதி. மழையால் அணைந்த விளக்கு, மழை நின்ற உடனே ஏற்றப்பட வேண்டும். உடனே என்பதற்கு முன்னால ஒப்படைக்கிறதுக்கு நேரம் இருந்தா எனக்கும் சந்தோசந்தான் முசே பக்கிரி."

பக்கிரி போயி ஏத்துனான். ஈரத்திரி பத்தல, ஒவ்வொன்னுக்கும் பத்து குச்சி கிழிச்சான்.

ஏரிக்கரைல ஆதிலட்சுமி நின்னுக்கினு இருந்தா. நடந்தத சொன்னான். சொல்றப்ப அவனுக்கு அழுவ வரல, தூக்கம்தான் வந்துச்சி. அவ எதிர்ல எரியிற வெளக்க பாத்துக்கினே கேட்டா. கேட்டு முடிச்சிட்டு, "இன்னாயா, ஒன்ன வேலைக்கி வச்சாங்க. அதனால விடுவிக்கணும்னு கெடக்குறாங்க. என்ன எவன் வேலைக்கி வச்சான்?"ன்னா.

பக்கிரிக்கி புரியல.

"என்ன எவனும் வைக்கல. எனக்கு எந்தச் சீட்டும் வேணாம். நானே போறேன்"ன்னு சொல்லிட்டு கூழ்ச் சட்டிய எடுத்துக்கினு நேரா செலியமேட்டுக்கு நடந்தா.

கலியபெருமாள் பொம்பளைக்கி வாரமா, ஏரு எவன் ஓட்டுவான்னு தொடங்குனாரு. அதுக்கு இவ எங்கண்ணன் ஓட்டுவான், நீங்க சொன்ன ரெண்டு நெபந்தனையில பொம்பள கூடாதுனு இருந்துச்சானு கேட்டா. அவரு வெரல வுட்டு நாளு எண்ணுனாரு. இருவதாந் தேதிக்கி ஏழு நாளு இருக்கு, மல்லாட்ட வெல எறங்குனதுல, வாரம் கேட்டுக்கினு இருந்த ரெண்டு பேரும் வெத நெல்லு வாங்கக் காசில்லாம வெலகிட்டானுங்க, அதையும் யோசிச்சாரு. சரினுட்டாரு. பதினேழாந் தேதி நாத்து வுட்டா. பக்கிரி அத கண்ணால பாக்கல. சேதிதான் வந்துச்சி, இருவத்தாறாவது கம்பத்துல இருந்தப்ப. மொளப்பு நல்லா வந்திருக்குனு சொன்னாங்க. அப்பறம் எப்பயாவது ராத்திரி அவ வருவா, கால்ல சேறு காஞ்சி இருக்கும், ஏணிக்கிக் கீழ ஒக்காந்து நாத்து இம்மாம் ஒசரம் ஆயிடுச்சினு கையால காட்டுவா.

மார்கழி பாதியில மேரியில பதட்டம் வந்துடுச்சி. வருசம் முடிய ரெண்டு நாளு, எண்ணெ முப்பத்தெட்டு டின்னு மீதி. முப்பத்தொன்னாந் தேதி புதுச்சேரியிலருந்து இன்ஸ்பெக்தர் வந்து பாத்து கையெழுத்து போடுவான். இன்னும் பெரிய வெளக்கு ஒன்னு வேணும், நாலு திரி போட்டது, ராட்சசன் மாதிரி குடிக்கிறது. கம்பம் நட எடமில்ல. ரோடு தீந்துபோச்சி, ஏரிக்கர தீந்துபோச்சி, சுடுகாட்டுல செத்தவனுக்கு எடம் வுடணும். செக்ரெத்தேர் ராவெல்லாம் பொஸ்தகத்தப் பொரட்டி, பயிரும் வரி கட்டுற நெலத்துலதான வெளையிது, பயிருக்கு மட்டும் எதுக்கு வெளிச்சம் மறுக்கணும்னு ஒரு தீர்மானம் எழுதுனாரு. வயல்வெளி வெளக்குத் திட்டம்னு பேரு வச்சாரு. தன் நெலத்துல கம்பம் நட வாடக தந்தா சரினு மொதல்ல சொன்னவரு கலியபெருமாள். நெலம் யாரு வாரத்துல இருக்குனு அவருகிட்ட கேக்கல, அவரும் சொல்லல.

அப்படித்தான் முப்பத்தொன்னாந் தேதி காலையில பக்கிரி அந்த ரெண்டு காணியில கால வச்சான். மொத தபா. சேத்தக் கலக்கி, பரம்படிச்சி, கண்ணாடி மாதிரி வச்சிருந்தாங்க. தண்ணியில வானம் தெரிஞ்சிது. நடு வயல்ல இருவத்தேழாவது கம்பத்த நட்டு நாலு திரியும் ஏத்துனான். ஏத்துன ஒடனே கம்பம் சாஞ்சிது. சேத்துல எப்படி நிக்கும். இந்தப் பக்கம் தள்ளுனா அந்தப் பக்கம் சாஞ்சிது. வரப்புல கொடையப் புடிச்சிக்கினு நின்ன செக்ரெத்தேர், "புடிச்சிக்கோ, தொரை கையெழுத்து போடுற வரைக்கும் புடிச்சிக்கோ"ன்னாரு. பக்கிரி ரெண்டு காலையும் அகட்டி சேத்துல ஊனி, கம்பத்தக் கட்டிப்புடிச்சிக்கினான். முட்டி வரைக்கும் எறங்குனான். தலைக்கி மேல நாலு திரி எரிஞ்சிது, அதுக்கு மேல சூரியன் எரிஞ்சிது.

அந்தக் கோலத்துலயே கேட்டான், இன்னியோட எண்ணெ தீந்துடும், நாளைக்கி அணைச்சி ஆற வச்சிடலாம்தானுங்களேனு. செக்ரெத்தேர் பெருமையா சிரிச்சாரு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம செலவு பண்ணதால அடுத்த வருசத்துக்கு ஐநூறு ரூபா போட ஒத்துக்கினாங்களாம். தங்கவேலு ஒரு ரூபாய்க்கே தர்றேனு சொல்லிட்டானாம். ஒன்னாந் தேதி காலையில ஆறு மணிக்கி புது எண்ணெ வந்துடும், நடுவுல ஒரு நிமிசங்கூட அணையாதுன்னாரு.

இன்ஸ்பெக்தர் பத்து மணிக்கி வந்தான். வெள்ளத் தொப்பி, வெள்ள பூட்ஸ். வரப்ப தாண்டல. வெளக்க எண்ணுனான், இருவத்தேழு, சரி. அப்பறம் கண்ணச் சுருக்கிக்கினு பாத்து, கம்பத்துல ஒட்டிக்கினு இருக்கிறது இன்னானு கேட்டான்.

"அது முட்டு, முசே"ன்னாரு செக்ரெத்தேர். "கம்பம் சாயாம இருக்க."

இன்ஸ்பெக்தர் முட்டு ஒன்னுனு எழுதிக்கினு, கையெழுத்து போட்டுட்டு வண்டி ஏறிட்டான். செக்ரெத்தேரும் ஏறிட்டாரு. எழுதுனதுக்கு அப்பறம் முட்ட எடுக்க முடியாது, கணக்கு ஒதைக்கும், அங்கியே இருன்னு வண்டியிலருந்தே கத்திட்டுப் போனாரு.

நடவுப் பொம்பளைங்க நாத்துமுடியத் தூக்கிக்கினு வயல்ல எறங்குனாங்க. பத்து பேரு, நடுவுல ஆதிலட்சுமி. குனிஞ்சி, பின்னாடியே நவுந்து நவுந்து நட்டுக்கினே வந்தாங்க. கம்பத்துக்கிட்ட வந்ததும் ஒரு பொம்பள நிமுந்து பாத்துட்டு, "ஏ லட்சுமி, ஒன் வூட்டுக்காரர நட்டது யாருடி? ரொம்ப ஆழமா நட்டிருக்காங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. பக்கிரியும் கொஞ்சம் சிரிச்சான்.

ஆதிலட்சுமி சிரிக்கல. ஒரு முடிய பிரிச்சி எடது கையில வச்சிக்கினு அவன் காலுக்கிட்ட வந்தா.

"காலத் தூக்கு"ன்னா.

அவன் ஒரு காலத் தூக்குனான். கம்பம் கிர்ருனு சாஞ்சிது, மேல வெளக்கு ஆடுச்சி. அவசரமா கால ஊனுனான்.

அவ அந்த ரெண்டு காலையும் வுட்டுட்டு, சுத்திவர நட்டுக்கினு போனா.